இன்கமோடியஸ்: புழங்க இடமில்லாத இடங்களுக்கான ஓர் அரிய ஆங்கிலச் சொல்லைக் கற்றுப் பயன்படுத்தும் முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பொது ஆங்கிலத்தின் கிரகித்தற் பந்தியொன்றிலோ, பிரித்தானியர் காலத்து அறிக்கையொன்றை மொழிபெயர்க்கும்போதோ, வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் முதலாம் வருட மாணவர் வாசிக்கும் கட்டுரைகளிலோ 'இன்கமோடியஸ்' என்ற சொல் எப்போதாவது எதிர்ப்படும். அகராதியைப் புரட்டினால் 'இடவசதியற்ற' என்றோ 'வசதிக் குறைவான' என்றோ ஒரு பொருள் கிடைக்கும். அது பிழையான பொருள் அன்று. ஆனால் அதை மட்டும் நம்பி ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தவர், ஒடுக்கமான ஒழுங்கை, சனம் நெரியும் பஸ், காற்று வராத அறை, காலைக் கடிக்கும் சப்பாத்து என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லைப் பூட்டிவிடுவார். ஆங்கிலம் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரடை வைத்திருக்கிறது. அவற்றுள் மிக அருகியே வழங்குவதும், இடமறிந்து வைக்காவிட்டால் உடனே துருத்திக்கொண்டு தெரிவதும் இந்தச் சொல்தான்.

இந்தச் சொல் ஓர் இடத்தின் நீள அகலத்தை அளப்பதற்காக வந்ததன்று. அந்த இடம் எந்தக் காரியத்துக்காக இருக்கிறதோ அந்தக் காரியத்தைச் செய்ய அது இடங்கொடுக்கிறதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாம் 'இந்த வீட்டில் புழங்க இடம் காணாது' என்கிறோமே, அந்த வாக்கியத்தின் கருத்துக்கு ஆங்கிலத்தில் மிக அருகே நிற்பது இதுவே. கீழ்வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தை அடியாகக் கொண்டவை.

முதற்படி: எழுத்தும் ஒலியும்

ஐ, என், சி, ஓ, எம், எம், ஓ, டி, ஐ, ஓ, யூ, எஸ் என்று 12 எழுத்துகள். சறுக்கும் இடம் நடுவிலுள்ள இரட்டை எம். ஒரு எம் மட்டும் போடுவது மிகப் பரவலான பிழை. 'அக்கொமடேஷன்' என்ற சொல்லைச் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு இதையும் எழுதலாம். அதிலும் எம் இரட்டிக்கிறது. ஆனால் அதில் சியும் இரட்டிக்கும், இதில் சி ஒன்றுதான். அங்கே 'அட்' என்ற இலத்தீன் முன்னொட்டின் டி, அடுத்து வரும் சியோடு ஒன்றித் தானும் சியாகிவிட்டது. இங்கே முன்னொட்டு 'இன்' என்பதால் என் தன் வடிவம் மாறாமல் நிற்கிறது.

உச்சரிப்பில் ஐந்து அசைகள் உண்டு. அழுத்தம் மூன்றாவது அசையாகிய 'மோ' மீது விழ வேண்டும். இரண்டாவது அசை மெலிந்து, 'கொம்' என்று நிறையாமல் 'க' என்றளவில் கடந்துபோகும். தமிழ் பேசுவோர் இங்கே ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். நம்முடைய மொழியில் மெல்லினத்தை அடுத்து வரும் ககரம் 'தங்கம்', 'சங்கு' என்பவற்றில் ஒலிப்பதுபோல் மென்மையாகிவிடும். அந்தப் பழக்கத்தில் இச்சொல்லைச் சொன்னால் கேட்கிறவர் காதில் வேறொரு சொல் விழும். 'பக்கம்' என்பதில் வரும் வல்லொலிக் ககரத்தை இங்கே கொண்டுவர வேண்டும். பேச்சில் அதிகம் வராத சொல்தான். ஆனாலும் நேர்முகத் தேர்விலோ வாசிப்புப் பயிற்சியிலோ தடக்காமல் சொல்வது நல்லது.

இரண்டாம் படி: வேரும் உறவும்

சொல்லின் குடும்பத்தை அறிந்தவருக்கு அதன் பொருளை மனனம் செய்யும் தேவை இராது. இலத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு, முறை. அதோடு 'கொம்' என்ற முன்னொட்டுச் சேர்ந்து 'கொம்மோடுஸ்' ஆனபோது, உரிய அளவில் அமைந்தது, ஏற்றது, வாய்ப்பானது என்ற பொருள் பிறந்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததே 'கமோடியஸ்'. அதற்கு முன்னால் எதிர்மறை 'இன்' வந்து நிற்கும்போது நமது சொல் கிடைக்கிறது. இது 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் புழங்கத் தொடங்கிவிட்டது.

கமோடியஸ் என்பதற்கு இன்று 'விசாலமான' என்று பொருள் சொல்வோம். தொடக்கத்தில் அதற்கு விசாலத்தோடு சம்பந்தமே இல்லை; 'பயனுள்ள, வாய்ப்பான' என்பதே பொருள். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், பவுலை ஏற்றிச் சென்ற கப்பல் தரித்த துறைமுகம் மாரிகாலத்தைக் கழிக்கக் 'கமோடியஸ்' ஆக இல்லை என்று வருகிறது. துறைமுகம் சிறியதென்று அங்கே சொல்லப்படவில்லை. மாரிகாலத்தைக் கழிப்பதற்கு அது தோதான இடமில்லை என்பதே சேதி. வசதியான வீடு பெரும்பாலும் இடமுள்ள வீடாகவே இருப்பதால், காலப்போக்கில் சொல்லும் வசதியிலிருந்து விசாலத்துக்கு நகர்ந்தது. அப்படி நகர்ந்தபோதும் பழைய பொருளை அது முற்றாகக் கைவிடவில்லை என்பதுதான் நமக்கு வேண்டியது. ஆகவே 'இன்கமோடியஸ்' என்று வாசிக்கும் இடத்தில் 'இடம் போதாது' என்பதும் 'காரியத்துக்கு உதவாது' என்பதும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களை நாம் அறியாமலே அறிவோம். தங்குமிடத்தை 'அக்கொமடேஷன்' என்கிறோம். சந்தைப் பண்டத்தைக் 'கொமோடிட்டி' என்கிறோம். அதன் முதற்பொருளும் பயன், அனுகூலம் என்பதுதான். நம் வீடுகளில் இருந்து பாவிக்கும் மலசலகூட இருக்கையைக் 'கொமட்' என்கிறோமே, அதுவும் இதே வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு மொழியில் வசதியானது என்று பொருள்பட்ட சொல் இழுப்பறை அலுமாரிக்குப் பெயராகி, பிறகு இரவில் பாவிக்கும் கலம் பொருத்திய கதிரைக்குப் பெயராகி, அங்கிருந்து இன்றைய பீங்கானுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கடற்படைப் பதவியான 'கொமடோர்' மட்டும் ஒலியால் ஏமாற்றும் அயலவர். அது தலைமை, கட்டளை என்ற பொருளுடைய சொல்லின் வழி வந்தது.

'இன்கமோட்' என்று ஒரு வினைச்சொல்லும் உண்டு. ஒருவருக்கு இடைஞ்சல் கொடுத்தல் என்பது அதன் பொருள். வினை மனிதருக்கு நேர்வதைச் சொல்லும், பெயரடை இடத்தைப் பற்றிச் சொல்லும் என்ற வேறுபாட்டை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: பொருளின் எல்லை

ஓர் இடத்தைப் பற்றி இச்சொல்லை எழுதுவதற்கு முன், அந்த இடம் எதற்கானது என்று கேட்க வேண்டும். அடுத்து, அங்கே எந்தக் காரியம் தடைப்படுகிறது என்று கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குக் குறிப்பாக ஒரு பதில் சொல்ல முடியாவிட்டால், சொல் பொருந்தவில்லை என்று விட்டுவிடலாம்.

பல்கலைக்கழகத்தை அண்டிய ஊரொன்றில் மாணவருக்கு வாடகைக்கு விடும் போடிங் அறையை எடுத்துக்கொள்வோம். இரண்டு கட்டில்கள் சுவரோடு சுவராகக் கிடக்கின்றன. கதவைத் திறந்தால் அது முதலாவது கட்டிலின் காலில் முட்டிப் பாதியில் நின்றுவிடுவதால், ஆள் பக்கவாட்டாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். அலுமாரி இரண்டாவது கட்டிலின் தலைமாட்டில் நிற்கிறது. அதைத் திறக்க வேண்டுமானால் கட்டிலில் ஏறி முழங்காலில் இருந்துகொண்டு திறக்க வேண்டும். மேசை வைக்க இடமில்லை என்பதால் யன்னல் விளிம்பில் புத்தகங்களை அடுக்கியிருக்கிறார்கள். அதனால் யன்னலைத் திறப்பதில்லை. படிப்பதற்கென்று எடுத்த அறையில் படிக்க முடியவில்லை, திறப்பதற்கென்று வைத்தவை திறபடவில்லை. இதுதான் இன்கமோடியஸ். அறையின் சதுர அடியை ஒருவர் எழுதியிருந்தால்கூட இவ்வளவு தெரியவந்திராது.

இதற்கு மாறாக, அதே அளவுள்ள அறையொன்றைத் தனியொருவர் பொருட்களை வைத்துப் பூட்டிவிடும் களஞ்சியமாகப் பாவித்தால், அது சின்ன அறைதான், ஆனால் இன்கமோடியஸ் அன்று. பெரிய கட்டடமும் இந்தச் சொல்லுக்குள் வரலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டை சிறிய கட்டடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது படைவீரருக்காக எழுப்பப்பட்டது. கச்சேரி எனப்படும் மாவட்ட அரச அலுவலகம் நெடுங்காலம் அதற்குள்ளேதான் இயங்கியது. ஒரு கோட்டை அலுவலகமாகும்போது, தடித்த சுவர்களை நகர்த்த முடியாமல், கோவைகளை அடுக்கவும் வரிசையில் நிற்போரை நிழலில் நிறுத்தவும் வழியில்லாமல் போகலாம். அப்படியொரு நிலையை விவரிக்கும் எழுத்தாளர், கட்டடம் பெரியது என்று ஒப்புக்கொண்ட அதே வாக்கியத்தில், அலுவலகத்துக்கு அது இன்கமோடியஸ் என்று எழுதினால் முரண்பாடு எதுவும் இல்லை.

இங்கேயே 'ஸ்பேஷியஸ்' என்ற சொல்லுக்கும் 'கமோடியஸ்' என்பதற்கும் உள்ள வேறுபாடும் தெளிவாகிறது. முதலாவது பரப்பை மட்டும் பேசும். வெறும் மைதானமும் ஸ்பேஷியஸ் ஆகலாம். இரண்டாவதற்குப் பரப்போடு பயன்பாட்டு வசதியும் வேண்டும்.

நான்காம் படி: அயற்சொற்களிலிருந்து பிரித்தறிதல்

இந்தப் படியே மிக முக்கியமானது என்பது என் கருத்து. ஏனெனில் பிழைகளில் பெரும்பாலானவை இன்கமோடியஸின் பொருள் தெரியாமல் வருவன அல்ல, அயற்சொல்லொன்று அந்த இடத்துக்கு உரியது என்று தெரியாமல் வருவன.

'நெரோ' என்பது அகலம் ஒன்றை மட்டும் பார்க்கும். 1924இல் கட்டப்பட்ட கல்லடிப் பழைய பாலம் இதற்கு நம்மூரின் சிறந்த எடுத்துக்காட்டு. ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனங்கள் மட்டுமே போகலாம் என்பதால் மறு பக்கத்தார் காத்து நிற்க வேண்டியிருந்தது. 2013இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகே அந்தக் காத்திருப்புத் தீர்ந்தது. அந்தப் பழைய பாலம் நெரோ. பாலத்தில் யாரும் குடியிருப்பதில்லை, அங்கே புழங்குவதில்லை, கடந்து போவதோடு சரி. ஆகவே இன்கமோடியஸ் என்று சொல்ல ஆங்கில வாசகர் துணியமாட்டார். ஒழுங்கைகள், படிக்கட்டுகள், வாய்க்கால்கள், வரம்புகள் எல்லாம் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை.

'க்ரவுடட்' மனிதரைப் பார்க்கும். பெருநாளுக்கு முந்திய இரவில் காத்தான்குடிக் கடைத்தெரு க்ரவுடட். சனம் வீடு திரும்பியதும் அதே தெருவில் சைக்கிளை விட்டுக்கொண்டு போகலாம். இடத்தின் குறை நிலையானதா, வந்துபோவதா என்று பார்த்தால் இந்த வேறுபாடு பிடிபடும். 'கன்ஜெஸ்டட்' அதே நெரிசலை ஓட்டத்தின் தடையாகப் பார்ப்பது. வாகனம் நகராத சந்திக்கும், தடிமலில் அடைத்த மூக்குக்கும் அது பொருந்தும்.

'க்ரம்ப்ட்' தான் உண்மையில் இன்கமோடியஸின் மிக நெருங்கிய உறவு, அதனாலேயே மிகக் குழப்புவதும். கைகால்களை நீட்ட முடியாத நிலை அதன் மையப் பொருள். அன்றாட ஆங்கிலத்தில் எங்கும் வரலாம், யார் வாயிலும் வரலாம். இடத்துக்கு மட்டுமின்றி மனிதருக்கும் அது பொருந்தும். இடமில்லாமல் நெருங்கிக் கிடக்கும் கையெழுத்துக்கும் பொருந்தும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு கரையோரக் குடும்பங்கள் தங்கவைக்கப்பட்ட தற்காலிகக் கொட்டில்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், நான் க்ரம்ப்ட் என்றே எழுதுவேன். அங்கே சொல்ல வேண்டியது உடல் படும் நெருக்கடி. இன்கமோடியஸ் என்று எழுதினால், துயரத்தைத் தூர நின்று மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்க்கும் தொனி வந்துவிடும். பொருள் சரியாக இருந்தும் தொனி பிழைக்கும் இடம் இது.

'போக்கி' பிரித்தானியப் பேச்சு வழக்கில் சிறிய, சிறுமையான அறைக்கு எரிச்சலோடு சொல்லப்படும் சொல். அமெரிக்கர் அதே சொல்லை மந்தமாக நகர்வதற்குச் சொல்வார்கள். அவர்களுடைய கொச்சையில் பெயர்ச்சொல்லாக வந்தால் அது சிறைச்சாலை. ஆகையால் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரியாத எழுத்தில் இதைத் தவிர்ப்பது உத்தமம்.

'ஸ்டஃபி' காற்றோட்டமில்லாததைச் சொல்லும். பெரிய மண்டபமும் ஸ்டஃபி ஆகலாம். 'கம்பக்ட்', 'கோஸி' இரண்டும் சிறுமையைப் புகழ்ச்சியாக மாற்றுவன. அனெக்ஸ் வாடகைக்கு விடும் விளம்பரங்களில் கோஸி என்று கண்டால், போய்ப் பார்க்கும்போது அளவுநாடா ஒன்றையும் கொண்டுபோவது புத்தி.

'கன்ஃபைன்ட்' என்ற சொல்லிடம் மட்டும் விளையாடக் கூடாது. தொழிற் பாதுகாப்புத் துறையில் 'கன்ஃபைன்ட் ஸ்பேஸ்' என்பது வரையறுத்த பொருளுடைய கலைச்சொல். உட்செல்லவும் வெளிவரவும் வழி குறுகியதும், ஆட்கள் தொடர்ந்து நின்று வேலை செய்வதற்கென்று அமைக்கப்படாததும், நச்சுவாயு தேங்குதல் அல்லது ஒட்சிசன் குறைதல் போன்ற ஆபத்து உள்ளதுமான இடங்கள் அதில் அடங்கும். மலக்குழி, கிணறு, எண்ணெய்த் தாங்கி, நெல் சேமிக்கும் பெரிய கொள்கலன் ஆகியவை எடுத்துக்காட்டுகள். மலக்குழிக்குள் தேங்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு, செறிவு கூடினால் மூக்கின் மணமறியும் திறனையே மரக்கச் செய்துவிடும். உள்ளே இறங்கியவர் நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரமே ஆபத்தான நேரம். அப்படிப்பட்ட இடத்தின் எச்சரிக்கைப் பலகையில் அழகுக்காக இன்கமோடியஸ் என்று எழுதினால், உயிர் காக்கும் எச்சரிக்கை வெறும் வசதிக்குறைவு பற்றிய முறைப்பாடாகச் சுருங்கிவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் இதில் எந்தச் சலுகையும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐந்தாம் படி: இலக்கணம்

இதை விரைவாகக் கடக்கலாம். சொல் உயிரொலியில் தொடங்குவதால் முன்னே 'ஆன்' வரும், 'அ' வராது. பெயர்ச்சொல்லுக்கு முன்பும் வரலாம், 'இஸ்', 'வோஸ்' போன்றவற்றுக்குப் பின்பும் வரலாம். ஒப்பிடும்போது 'மோர்' சேர்க்க வேண்டும். ஒப்பீட்டுக்கான 'எர்' என்ற வால் ஒட்டை அது ஏற்காது. 'சம்வட்', 'ராதர்' போன்ற தணிக்கும் சொற்களோடு அது இயல்பாகப் பொருந்தும். பழைய ஆங்கில எழுத்தில் 'ஸ்மோல் அண்ட் இன்கமோடியஸ்' என்று சோடியாக வருவதும் உண்டு. எதற்கு இன்கமோடியஸ் என்று சொல்ல 'ஃபோர்' போட்டுத் தொடரலாம். வினையடையாகவும் பண்புப்பெயராகவும் அதற்கு வடிவங்கள் உண்டு, ஆனால் அவை நீண்டு நாவைப் பிரட்டும். அவற்றை எழுதுவதற்கு நல்ல காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும். மனிதரை இந்தப் பெயரடையால் சுட்டக் கூடாது. 'நான் இன்கமோடியஸ் ஆக இருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், நீங்களே ஒரு நெருக்கமான அறை என்று பொருள்படும்.

ஆறாம் படி: எங்கே, யாரிடம்

பொருளும் இலக்கணமும் சரியாக இருந்தாலும், இடம் தவறினால் இந்தச் சொல் நகைப்புக்கிடமாகும். மேலே சொன்ன போடிங் அறையில் இருக்கும் மாணவர் வீட்டுக்கார அம்மாவிடம் தமிழில், 'அன்ரி, இந்த அறையில ரெண்டு பேர் புழங்க இடம் காணாது' என்பார். அவரும், 'ஒரு ஆள் பகல்ல கெம்பஸ்லதானே மனே நிக்கிற, அதுக்குக் காணும்' என்று சொல்லிவிட்டுப் போவார். இந்தப் பேச்சை ஆங்கிலத்தில் சொல்வதானால் க்ரம்ப்ட் அல்லது 'நொட் இனஃப் றூம்' போதும். இன்கமோடியஸ் என்று தொடங்கினால் அன்ரி ஆங்கிலப் பட்டதாரியாக இருந்தாலும் சிரிப்பார்.

சொல்லுக்கு உரிய மேடை எழுத்து, அதிலும் கனமான எழுத்து. 18ஆம், 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பயணக் குறிப்புகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் விடுதிகள், சிறைகள், பாடசாலைகள் பற்றி இது வழக்கமாக வரும். இன்று முறைப்பாட்டுக் கடிதம், திட்ட முன்மொழிவு, கட்டட ஆய்வறிக்கை, கட்டுரை ஆகியவற்றில் அளவோடு வரலாம். வரும்போது அது தனியே நிற்கக் கூடாது. தீர்ப்புச் சொன்னவர் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

ஒரு கிராமத்து வாசிகசாலைக்குப் புதிய கட்டடம் கேட்டுப் பிரதேச சபைக்கு ஆங்கிலத்தில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நண்பனுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் 'த லைப்ரரி இஸ் சோ க்ரம்ப்ட்' என்றால் முடிந்தது. கடிதத்தில் அது குறைந்த தொனி. 'த லைப்ரரி இஸ் வெரி இன்கமோடியஸ்' என்று எழுதினால் தொனி கூடுகிறது, ஆனால் உத்தியோகத்தருக்கு எதுவும் புலப்படவில்லை. இப்படி எழுதிப் பார்க்கலாம்: 'த ப்ரெசன்ட் ரீடிங் றூம் இஸ் இன்கமோடியஸ், இட் ஸீட்ஸ் ஒன்லி டென் ரீடர்ஸ், அண்ட் த ஷெல்வ்ஸ் கென்னொட் பி ரீச்ட் வித்தவுட் மூவிங் த டேபிள்.' இப்போதுள்ள வாசிப்பறை வசதிக் குறைவானது, பத்துப் பேர் மட்டுமே இருக்கலாம், மேசையை நகர்த்தாமல் புத்தகத் தட்டை எட்ட முடியாது என்பது இதன் கருத்து. பெயரடை தீர்ப்பை முன்வைக்க, அடுத்து வரும் தொடர் அதற்குச் சாட்சி சொல்கிறது. 'வெரி' தேவையற்றுப் போனதையும் கவனிக்கலாம். மேசையை நகர்த்தும் தகவலே அந்த வேலையைச் செய்துவிட்டது.

ஒரு பக்கத்தில் இச்சொல்லை இரண்டாம் முறை எழுத வேண்டி வந்தால், அங்கே க்ரம்ப்ட் என்றோ 'இன்கன்வீனியன்ட்' என்றோ மாற்றிக்கொள்ள வேண்டும். அரிய சொல் ஒரே பக்கத்தில் திரும்ப வந்தால், வாசகர் கவனம் கருத்தை விட்டுச் சொல்லின் மேல் போய்விடும்.

ஏழாம் படி: தமிழுக்குக் கொண்டுவருதல்

ஆங்கில மூலத்தில் இச்சொல்லைக் கண்டதும் 'இடவசதியற்ற' என்று எழுதிவிட்டு நகர்வதே பொதுவழக்கம். உத்தியோகபூர்வ ஆவணத்துக்கு அது பெரும்பாலும் போதும். 'அற்ற' என்பது முற்றாக மறுத்துவிடுவதால் 'இடவசதி போதாத' என்பது இன்னும் நெருங்கியது. கதை, கட்டுரை, நினைவுக் குறிப்பு ஆகியவற்றில் 'புழங்க இடம் காணாத' என்பது நம் பகுதி வாசகருக்கு உடனே விளங்கும். தமிழ்நாட்டு வாசகர் 'காணாத' என்பதைக் கண்ணால் காணாத என்று எடுத்துக்கொள்ளக் கூடும் என்பதால், இரு கரைக்கும் பொதுவாக எழுதுவோர் 'புழங்க இடம் போதாத' என்று வைத்துக்கொள்ளலாம். 'ஒடுக்கமான' என்பதை இதற்கு ஈடாகக் கொள்வதை நான் விரும்புவதில்லை. அது நெரோ என்ற சொல்லின் இடம்.

16ஆம், 17ஆம் நூற்றாண்டு எழுத்தை மொழிபெயர்ப்பவர் ஒரு படி கூடுதலாக நிதானிக்க வேண்டும். அக்காலத்தில் இச்சொல் இடத்தோடு மட்டும் கட்டுப்படாமல், பருவநிலை, பயணம், சட்டம் என்று எதன் தொல்லையையும் குறிக்கலாம். அங்கே 'இடைஞ்சலான', 'தோதில்லாத', 'தொல்லை தரும்' என்பவற்றுள் ஒன்றைத் தெரிய வேண்டும்.

எட்டாம் படி: பயிற்சி

கீழ்வரும் நிலைமைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விடையைப் பார்க்கும் முன் எந்த ஆங்கிலப் பெயரடை பொருந்தும் என்று தீர்மானித்துப் பார்க்கலாம்.

மருதமுனையில் கைத்தறி வைத்திருக்கும் வீடொன்றில் தறியைச் சுற்றி நடக்க வழியில்லாததால், அறுந்த நூலை முடிய நெசவாளர் ஒவ்வொரு முறையும் தறிக்குக் கீழே குனிந்து மறுபக்கம் போகிறார். காரியம் இன்னது, தடை இன்னது என்று தெளிவாக இருக்கிறது. அறிக்கையில் எழுதினால் இன்கமோடியஸ் நன்றாகப் பொருந்தும்.

அக்கரைப்பற்றுச் சந்தையில் விடுமுறைக்கு முதல் நாள் கால் வைக்க இடமில்லை. க்ரவுடட். ஆட்கள் போய்விட்டால் குறையும் போய்விடும்.

வாவியில் போகும் சிறு தோணியில் இருவர் வலையோடு இருக்க, மூன்றாமவர் காலை மடக்கிக்கொண்டு இருக்கிறார். க்ரம்ப்ட். தோணி அதன் காரியத்துக்குச் சரியான அளவில்தான் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி ஏறியது மூன்றாமவர்.

நெல் ஆலையின் பெரிய கொள்கலனுக்குள் இறங்கித் துப்புரவு செய்வதற்கான அறிவுறுத்தலை எழுத வேண்டும். கன்ஃபைன்ட் தவிர வேறெதுவும் இல்லை.

கடைசியாக, கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகும் ஒருவரின் முழங்கால் முன் இருக்கையில் இடித்துக்கொண்டே வருகிறது. பயணப் பையை வைக்க மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் அவர் ஆங்கிலத்தில் சொல்வதானால் க்ரம்ப்ட். ஊர் வந்து இறங்கிய பிறகு பஸ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவதானால், ஆசனங்களின் அமைப்பு 'இன்கமோடியஸ் ஃபோர் ஆன் ஓவர்நைட் ஜர்னி' என்று எழுதலாம். அடுத்த வாக்கியத்திலேயே முழங்காலையும் பையையும் பற்றி எழுத வேண்டும்.